பார்க்க வராமல் இருந்தவர்களுக்கு நன்றி

வாழப்பாடிச் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆவணி மழையில் ஈசல் கிளம்பிய வாரம், தாயை இழந்து கூண்டில் வளர்ந்த நம் வங்காநரி (சிறிய வகை நரி) குட்டிகள் இரண்டும் கரட்டுப் பக்கம், அந்தச் சிறு பாறைக் குன்றுப் பக்கம், போய்விட்டன. திறந்துவிட்டது வனத்துறை. அவர்கள் சொற்படி கூட இருந்து தீனி வைத்தவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் கும்பிடு வெள்ளாடு மேய்க்கும் அண்ணனுக்கு. நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்த நரியின் மடியில் பால் கட்டியிருந்ததைக் கவனித்தவர் அவர்தான். குச்சிக்கிழங்குக் காட்டை ஒட்டிய புறம்போக்கில் வளை வளையாகக் காது வைத்து, முனகல் சத்தத்தைக் கண்டுபிடித்தார். கண்டதும் துண்டில் சுருட்டித் தூக்கி வராமல் வனத்துறைக்குச் சொன்னாரே, அது பெரிய விஷயம். வங்காநரியில் அப்பனும் இரை கொண்டுவந்து குட்டி வளர்க்கும். ஆண் நரி வருகிறதா என்று வனக்காவலர் இரவெல்லாம் தள்ளி இருந்து பார்த்து, வராது என்று உறுதியான பிறகே குட்டிகளை எடுத்தார்கள்.

கால்நடை மருத்துவர் அம்மா இல்லையென்றால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பசும்பால் வேண்டாம், வயிற்றால் போகும் என்று நாய்க்குட்டிப் பால்மாவு வரவழைத்தார். மல்லாத்திப் புகட்டினால் புரையேறும், குப்புற வைத்தே புகட்டணும். பிறகு ஈரப் பஞ்சால் அடிவயிற்றை வருடினால்தான் சிறுநீர் போகும். எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. எடுத்த மூன்று குட்டிகளில் ஒன்று முதல் வாரத்தைத் தாண்டவில்லை. மற்ற இரண்டுக்கும் வெறிநோய்க்கும், நாய் இனத்தைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய்க்கும் தடுப்பூசிகளைக் காசு வாங்காமல் போட்டார்.

எலி பிடிக்கும் தாத்தா மருந்து வைத்த காட்டுப் பக்கமே போகவில்லை. விஷம் தின்ற எலியைத் தின்றால் நரியும் சாகும். பள்ளிப் பிள்ளைகள் பாட்டில் பாட்டிலாக வெட்டுக்கிளி கொண்டுவந்தார்கள். ஒன்றில் பொன்வண்டு இருந்தது, அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனி, பெயர் சொல்ல முடியாத பெருங்கூட்டத்துக்கு. நரி முகத்தில் முழித்தால் நல்லது என்று நம்பும் மண் இது. காணும் பொங்கல் சமயத்தில் வலை போட்டுப் பிடித்து, கோயிலைச் சுற்றி ஓட்டி, திரும்பக் காட்டில் விட்ட வழக்கமும், அதற்கு வனத்துறை அபராதம் போட்டதும் ஊரறிந்த கதை. அப்படிப்பட்ட இடத்தில், கூப்பிடு தூரத்தில் இரண்டு குட்டி இருப்பது தெரிந்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. போன் தூக்கிக்கொண்டு வரவில்லை. மனிதனைக் கண்டால் மிரளாத நரி வெளியே பிழைக்காது. நானே முகத்தைத் துணியால் மூடி, வாய் திறக்காமல்தான் தீனி வைத்தேன். "பையனுக்கு இன்டர்வியூ தம்பி, ஒரே ஒரு தடவை காட்டு" என்று வந்த அக்கா, காரணம் சொன்னதும் முகம் சுளிக்காமல் திரும்பினார். பையனுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். நரிக்கு அதில் பங்கில்லை, அவன் நன்றாகப் படித்தவன்.

கரட்டடியில் தன் மேய்ச்சல் நிலத்தைக் கூண்டு கட்ட விட்டுக்கொடுத்த பெரியவருக்கும், அந்த மாதங்களில் இரவில் நாய்களைக் கட்டிப்போட்ட தோட்டத்துக்காரர்களுக்கும் நன்றி. கதவு திறந்த பிறகும் சில நாள் தீனி வைத்தோம். முதலில் தினமும் தின்றன, அப்புறம் விட்டு விட்டு, பிறகு தொடவே இல்லை. இப்போது அந்தப் பக்கம் கிடக்கும் எச்சத்தில் வண்டு ஓடாகத் தெரிகிறது. சொந்தமாக வேட்டையாடுகிறார்கள், போதும்.

கோழிப்பண்ணை அண்ணனுக்கு மட்டும் ஒரு தகவல்: இரவல் கொடுத்த கம்பிவலை ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் வந்து சேரும். தோண்டி வெளியேறாமல் இருக்க மண்ணுக்குள் புதைத்த பகுதி துருப்பிடித்திருக்கிறது, ஓரத்தில் கடித்தும் வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்குப் புது வலை வாங்கிச் சேர்த்து அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லக் கூடாது.