எத்தனை பேர் வாசிப்பார்கள் என்பதற்கு முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். திருமணத்துக்கோ வீட்டு விழாவுக்கோ இசைக்குழு வேண்டும் என்று எங்களை அழைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, குழுவில் எத்தனை பேர் என்பதுதான். நாங்களோ பதில் சொல்லாமல், விருந்தினர்கள் எங்கே அமர்வார்கள், எந்நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள், எந்நேரம் மேடையைப் பார்ப்பார்கள் என்று திருப்பிக் கேட்கிறோம். இதில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு என்பதால் காரணத்தை எழுதுகிறோம்.

சாதாரணப் பேச்சின் ஒலியளவு ஏறத்தாழ 60 டெசிபல். ஒரு ட்ரம்ஸ் செட், மைக் எதுவும் வைக்காமலேயே, அருகில் இருப்பவர் காதில் 100 டெசிபலைத் தொட்டுவிடும். இசை உரக்க ஒலித்தால் விருந்தினர்கள் குரலை உயர்த்துவார்கள். அந்த இரைச்சலில் தன் வாசிப்பே தனக்குக் கேட்காத கலைஞர் இன்னும் கூட்டச் சொல்வார். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, இசை நிகழும் அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அது பாட்டுக் கேட்கவே வருகிறவர்களுக்கான உச்சவரம்பு. நெடுநாள் கழித்துச் சந்திக்கும் உறவினர்கள் பேசிக்கொள்வதற்கு ஏற்ற அளவு அன்று. ஆகவே வரவேற்பு, விருந்து நேரங்களுக்கு இரண்டு மூன்று கருவிகளே போதும் என்பதும், முழுக்குழுவை ஆட்டம்பாட்டத்துக்கென ஒதுக்கிய ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதும், எங்களுக்கு வருமானம் குறைந்தாலும், எங்கள் கருத்து.

அடுத்தது இடம். கண்ணாடிச் சுவரும் வழுவழுப்பான தரையும் கொண்ட கூடத்தில் ஒலி எதிரொலித்துக்கொண்டே இருப்பதால், விரைவான தாளம் குழம்பிக் கூச்சலாகிவிடும். அங்கே நிதானமான மெல்லிசைதான் எடுபடும். மனித உடலும் உடைகளும் ஒலியை உறிஞ்சுகின்றன என்பதால், காலிக் கூடத்தில் சோதித்துப் பார்த்த ஒலியமைப்பைக் கூட்டம் நிறைந்தபின் மறுபடியும் சரிசெய்தே ஆக வேண்டும். திறந்தவெளியில் சிக்கல் வேறு: தொலைவு இரு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று மேடை ஸ்பீக்கரைக் கூட்டினால் முன்வரிசைப் பெரியவர்கள்தான் அவதிப்படுவார்கள். அதனால் சிறிய ஸ்பீக்கர்களை இடையிடையே வைக்கிறோம். வெயிலில் தந்திக் கருவியின் சுருதி இறங்கும், குழலின் சுருதி ஏறும். இரண்டும் சேர்ந்து வாசிக்கும் குழுவுக்கு நிழல் கேட்பது சொகுசுக்காக அன்று.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்டுடியோவில் மெருகேற்றிய பதிவை நம்பிவிடாமல், உங்கள் விழாவின் அளவையொத்த ஒரு நிகழ்ச்சியில், வெட்டாமல் ஒட்டாமல் எடுத்த காணொளியைக் கேட்டு வாங்குங்கள் (எங்களிடமும்தான்). அதில் பாடுகிறவரே உங்கள் விழாவுக்கும் வருவாரா என்பதை எழுத்தில் பெறுங்கள். விருப்பப் பாடல்களை முன்கூட்டியே அனுப்பினால் ஒத்திகை பார்த்துக்கொள்ள முடியும். வேண்டாத பாடல்களின் பட்டியல் அதைவிடவும் உதவும். பிரிவைப் பாடும் சோகப் பாட்டுக்கு இனிய மெட்டு அமைந்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான்.

வாசிக்கும் நேரம், இடைவேளை, மின்சார ஏற்பாடு ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே குறித்துவிடுகிறோம். அடுத்த முறை எழுதும்போது கூடத்தின் நீள அகலம், இரண்டு புகைப்படங்கள், நிகழ்ச்சி நிரல் ஆகியவற்றை இணைத்து அனுப்பினால், எத்தனை பேர் என்ற உங்கள் கேள்விக்கு அன்றே பதில் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் இசை ஏற்பாட்டாளர்கள்