கோழி போன கதையும் மற்ற சேதிகளும்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போகியன்று கைக்கு வந்தது. பழைய பாயையும் துடைப்பத்தையும் எரித்துக்கொண்டிருந்தோம், தபால்காரர் புகைக்குள் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாலு வரியை வாட்ஸ்அப்பில் தட்டிவிடாமல் பேனாவால் எழுதி அனுப்புகிற ஆள் எனக்கு நீ ஒருத்தன்தான் மிச்சம். முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். லால்குடி வீட்டுக்குப் பால் காய்ச்ச வர முடியாமல் போனதற்கு இன்னொரு முறை மன்னித்துக்கொள்.

"பின்கட்டில் பத்துக் கோழி விடலாம் என்று இருக்கிறேன், அக்கம்பக்கத்தில் நாய்கள் ஜாஸ்தி, நீ எப்படிச் சமாளிக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். சமாளிக்கத் தெரியாமல் பட்டு முடித்து ஒரு மாதம்தான் ஆகிறது.

எங்கள் தோட்டத்தைப் பார்த்திருக்கிறாய். இட்டேரியை ஒட்டிக் கிளுவை வேலி, நடுவே சாளை வீடு, வாசலில் வேம்பு. சேவலும் குஞ்சும் சேர்த்து இருபத்து மூன்று உருப்படி இருந்தன. பாதி கூட்டில் அடையும், பாதி வேம்பில் ஏறிவிடும். மரத்தில் இருப்பவற்றை எந்த நாய் என்ன செய்துவிடும் என்று நானும் அசட்டையாக இருந்தேன். கோழி மரத்தில் இருக்கும்வரை அது சரிதான். விடியற்காலையில் ஒவ்வொன்றாகக் கீழே குதிக்குமே, அந்த நேரத்தை மறந்துவிட்டேன்.

மார்கழி மூன்றாம் வாரம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் களம் முழுக்க இறகு. யாரோ தலையணையைக் கிழித்து உதறிவிட்ட மாதிரி. வீட்டுக்காரி ஒன்றும் பேசவில்லை. ஒரு சாக்கை விரித்து, செத்துக் கிடந்தவற்றைப் பொறுக்கிவந்து வரிசையாக அடுக்கினாள். பதினொன்று. ஒன்றைக்கூடத் தின்றிருக்கவில்லை மாப்ளே! தின்றிருந்தாலாவது பசி என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். செவலைச் சேவலின் வால் இறகு முழுசும் பிடுங்கப்பட்டு, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பொங்கலுக்கு மகள் வரும்போது அடிக்கலாம் என்று வைத்திருந்த சேவல் அது.

எது வந்து போனது என்பதைக் கிடப்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம், இதை நீயும் தெரிந்து வைத்துக்கொள். கீரி வந்தால் பெரும்பாலும் கழுத்தில், தலையில்தான் காயம் இருக்கும். பூனையும் பருந்தும் குஞ்சை அப்படியே தூக்கிப் போய்விடும், தடயமே இருக்காது. நாய்க்கு அது விளையாட்டு. ஓடுகிறது, படபடக்கிறது, கத்துகிறது. பிடித்து உதறும், அசைவு நின்றதும் போட்டுவிட்டு அடுத்ததைத் துரத்தும். எத்தனை ஓடுகிறதோ அத்தனையும் போச்சு. வாய்க்கால் ஈரத்தில் கால்தடமும் இருந்தது. நாய்த் தடத்தில் நகம் பதியும், பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் பதியாது. இது நகம் பதிந்த, நீளவாக்கான தடம். பக்கத்துத் தோட்டத்துக் கடவு வரைக்கும் போனது.

அந்தத் தோட்டம் யாருடையது என்று உனக்குத் தெரியும். பங்காளி, எனக்குத் தம்பி முறை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மோட்டார் நின்றுபோனால் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு முதலில் வருகிறவன் அவன்தான். அவன் மகன் பெங்களூரில் வேலை. சிப்பிப்பாறை நாய்க்குட்டி ஒன்றை வாங்கி அடுக்குமாடி வீட்டில் ஆறு மாதம் வைத்துப் பார்த்திருக்கிறான். குரைக்கிறது, சோபாவைக் கடிக்கிறது என்று அப்பன் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். முயல் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த சாதி அது. கண்ணெதிரே எது ஓடினாலும் கால் நிற்காது. அதை அவிழ்த்துவிட்டு வளர்த்தால் கோழிதான் முதல் பலி. நாயைச் சொல்லி என்ன செய்ய?

போய்க் கேட்டேன். "எங்க நாய் கோழியெல்லாம் தொடாதுங்கண்ணா. நம்மூட்டுக் கோழிகூடயே படுத்துக் கெடக்குதுங்க" என்றான். பொய் சொல்லவில்லை, அது உண்மையும்கூட. சொந்த வீட்டுக் கோழியை நாய் வீட்டு ஆளாக எண்ணிக்கொள்ளும். அடுத்த வீட்டுக் கோழி அதற்கு வேறு. எந்த நாய்க்காரனைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும், உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போன தடவை உங்கள் ஜிம்மி எங்கள் வாத்தைக் குளத்துக்குள் துரத்தியபோது நீ என்ன சொன்னாய்? "சும்மா விளையாடுது மாப்ளே" என்றாய்.

அவனோடு வாக்குவாதம் பண்ணவில்லை. வந்து தடத்தைப் பார் என்று மட்டும் சொன்னேன். வந்தான், பார்த்தான். சாக்கில் அடுக்கியிருந்ததையும் பார்த்தான். தலையைச் சொறிந்துகொண்டு, "எவ்வளவு ஆச்சுங்கண்ணா, குடுத்தர்றேன்" என்றான். நான் வாயைத் திறக்கும் முன் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "காசெல்லாம் வேண்டாந் தம்பி. முட்டைக்கு நிக்கற வெடைக்கோழியா ரெண்டு வாங்கிக் குடுத்துருங்க." காசு வாங்கியிருந்தால் கணக்கு அன்றே முடிந்திருக்கும், பேச்சுவார்த்தையும் முடிந்திருக்கும். இப்போது அந்த இரண்டு கோழியும் எங்கள் களத்தில் மேய்கின்றன, வரும்போதெல்லாம் அவன் எட்டிப் பார்க்கிறான்.

டீக்கடையில் விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கறியில் மருந்து வை, ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார் ஒருத்தர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வைத்த கறியை அந்த நாய்தான் தின்னும் என்று யார் கண்டது? காக்கை தின்னும், பூனை தின்னும், இங்கே மயில் வேறு கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. சட்டமும் சும்மா விடாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 325-ஆவது பிரிவு, விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் ஐந்து வருஷம் வரை சிறை. இன்னொருத்தர் வேலியில் கரண்ட் விடச் சொன்னார். வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுப்பது ஆளைக் கொல்கிற வேலை. ராத்திரி மடை திருப்பப் போன ஆள் அதில் கால் வைத்தால் யார் பதில் சொல்வது?

காங்கயம், வெள்ளகோவில் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறியதும், செத்த ஆடுகளைக் கொண்டுவந்து போட்டு விவசாயிகள் மறியல் செய்ததும் பேப்பரில் படித்திருப்பாய். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டு, பத்துப் பதினைந்து நாளுக்குள் அதையே மாற்றியும் போட்டது. ஊரெல்லாம் அதே பேச்சுத்தான். எல்லோரும் தெருநாய், தெருநாய் என்கிறார்கள். எனக்கென்னவோ, ராத்திரி சுற்றுகிறதில் பாதிக்காவது பகலில் சோறு வைக்க ஒரு வீடு இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. கழுத்தில் பட்டை, பெயர், எசமான் எல்லாம் இருக்கிற நாய்க்கு நீதிமன்றம் எதற்கு, எட்டு முழச் சங்கிலி போதுமே.

கடைசியில் பங்காளியின் மனதை மாற்றியது கோழி இல்லை, பூனை. நாய் வந்த அன்றைக்கு எங்கள் சாம்பல் பூனை முருங்கையில் ஏறியிருக்கிறது. முருங்கைக் கொம்பு தாங்குமா? ஒடிந்து விழுந்ததில் பின்னங்காலில் கடி வாங்கிவிட்டது. கூடையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போனேன். டாக்டர் காயத்தைச் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொன்னார். நான் பூனையைப் பிடிக்க, பூனை என்னைப் பிறாண்ட, ஒரு வழியாக முடித்தோம். "கடிச்ச நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்டிருக்காங்களா? அட்டை இருந்தா வாங்கிட்டு வாங்க" என்றார். பங்காளியிடம் போய்க் கேட்டால் அட்டையும் இல்லை, ஊசியும் இல்லை. பூனைக்கு ஐந்து ஊசி என்றானதும் அவன் முகம் மாறிவிட்டது. பேத்தி அந்த நாயின் மேல் படுத்துத்தான் விளையாடுவாள். மறுநாளே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஊசி போட்டுவந்தான். அதோடு இரண்டு தென்னைக்கு நடுவே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, வளையம் மாட்டி, அதில் சங்கிலியைக் கோத்துவிட்டான். நாய் இந்தத் தென்னைக்கும் அந்தத் தென்னைக்கும் நாள் முழுக்க ஓடிக்கொள்ளலாம், கழுத்தும் சுற்றிக்கொள்ளாது. பக்கத்து வீட்டாரிடம் பேசப் போனால் நீயும் கோழியில் தொடங்காதே, ஊசியில் தொடங்கு.

ஒரு வெடைக்கோழி கல்தொட்டிக்குப் பின்னால் உயிரோடு ஒளிந்திருந்ததைச் சொல்ல விட்டுப்போச்சு. வெளியே பார்த்தால் ஒன்றுமே இல்லை. இறக்கையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் அடியில் ஊசி குத்தின மாதிரி இரண்டு ஓட்டை. உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவி, கொடாப்பு போட்டு மூடி இருட்டில் வைத்தேன். முதல் இரண்டு நாள் கம்புத் தானியம் கொத்தியது. மூன்றாம் நாள் நாற்றம். நாலாம் நாள் போய்விட்டது. பூனைக்கு அடுத்த ஊசி போடப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். நாய்ப்பல் ஆழமாக இறங்கும், மேல்தோல் மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும், அன்றைக்கே தூக்கி வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றார். பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடிய நான் அதே கூடையில் அந்தக் கோழியையும் வைத்திருக்கலாம். கோழிதானே என்று இருந்துவிட்டேன்.

அடைக்கோழி ஒன்று பதினெட்டாம் நாளில் இருந்தது. கலவரத்தில் முட்டையை விட்டுவிட்டு வைக்கோல்போர் உச்சிக்குப் போய்விட்டது. பிடிக்கப் போனால் கிட்டேயே வரவில்லை. ஒன்பது மணிக்கு வீட்டுக்காரி முட்டையைத் தொட்டுப் பார்த்தாள், ஆறின சோறு மாதிரி இருந்தது. கூட்டில் அடைக்கு உட்கார்ந்திருந்த இன்னொரு கோழிக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். நான் நம்பவில்லை. பதினொரு முட்டையில் நாலு பொரித்தது! இருபத்தோராம் நாள் பொரிக்க வேண்டியது ஒரு நாள் தள்ளிப் பொரித்தது, அவ்வளவுதான்.

அப்புறம் கூடு. கடையில் கோழி வலை என்று அறுகோணக் கண்ணோடு மெல்லிய வலை ஒன்று விற்பார்கள், வாங்கிவிடாதே. கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும். நாய் உள்ளே வராமல் இருக்கப் போதாது, பல்லால் கடித்து இழுத்தால் நூல் மாதிரி பிரிந்துவிடும். பற்றவைத்த கம்பி வலை, வெல்டு மெஷ் என்று கேள். கீரியும் வரும் என்றால் அரை அங்குலக் கண். உயரத்தைவிட அடிப்பாகம்தான் முக்கியம், நாய் தாண்டுவதற்கு முன் தோண்டிப் பார்க்கும். வலையை மண்ணோடு நிறுத்தாமல் வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கிப் படுக்கவைத்து, மேலே கல்லைப் பரப்பிவிட்டேன். நாய்க்குப் பின்வாங்கித் தோண்டத் தெரியாது, வலையின் ஓரத்தில் நின்று பிறாண்டிவிட்டுப் போய்விடும். தாழ்ப்பாள் இரண்டு, ஒன்று மேலே ஒன்று கீழே. பொழுது சாயும் முன் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம், வேம்பில் ஏறுவதையும் வீட்டுக்காரி முறத்தில் கம்பைக் காட்டி இறக்கிவிடுகிறாள். காலையில் வெயில் வந்து நாமும் வெளியே நடமாடத் தொடங்கிய பிறகுதான் திறக்கிறோம். எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துச் சொச்சம் ஆனது. நாய் அவனுடையது, செலவு என்னுடையது. இந்தக் கடுப்பு உன்னிடம் சொல்வதற்காக மிச்சம் வைத்திருந்தது, அவனிடம் சொல்லவில்லை.

கின்னிக்கோழி இரண்டு சோடி விட்டிருக்கிறேன். புது ஆள், பாம்பு, நாய் எதைக் கண்டாலும் கத்தும். ஒன்றும் இல்லாமலும் கத்தும். லால்குடியில் சுவரோடு சுவர் வீடு என்றால் உனக்கு அது வேண்டாம், நாய்க்காரர்கள் உன் மேல் புகார் கொடுப்பார்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் கோழிகளுக்கு ஊசி போடும் முகாம் நடத்தும், கோழி வாங்குவதானால் அதற்கு முன்பே வாங்கிக் கையோடு போட்டுவிடு.

சிப்பிப்பாறைதான் பாவம். கட்டிய முதல் வாரம் ராத்திரி முழுக்க ஊளை. வீட்டுக்காரி புரண்டு புரண்டு படுத்துவிட்டு, இப்போது மத்தியானம் மிச்சச் சோற்றில் மோர் ஊற்றி எடுத்துக்கொண்டு போகிறாள். பதினொரு கோழியைக் கொன்றதற்கு மோர்ச்சோறா என்று கேட்டேன். "அதுக்கென்ன தெரியும்" என்கிறாள். கடவு தாண்டும்போதே அவள் கொலுசுச் சத்தத்துக்குக் கம்பி கிணுகிணுக்கிறது.

மகள் பொங்கலுக்கு வந்து போனாள். பேரன் நாலு குஞ்சுக்கும் பெயர் வைத்துவிட்டான், இனி எதையும் குழம்பு வைக்க முடியாது. நீ மாசியில் வருகிறேன் என்றிருக்கிறாய், கண்டிப்பாக வா. தங்கச்சியையும் கூட்டி வா. ஜிம்மியையும் கூட்டி வா, வேண்டாம் என்று சொல்லவில்லை. கயிறு மட்டும் மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை