சுவர்தான் தெரிகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓணம் லீவில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து குடும்பத்தோடு ஓர் அணைப் பூங்காவுக்குப் போயிருந்தோம். என் மகளுக்கு 14 வயது. மூளை முடக்குவாதம், வீல்சேரில்தான் போய்வருவாள்.

பைக் நுழையாமல் இருக்க வாசலில் இரும்புக் குழாய்களை நெருக்கமாக நட்டிருக்கிறார்கள். வீல்சேரும் நுழையவில்லை. அவள் அப்பா அவளைத் தூக்கிக்கொள்ள, நான் சேரை மடக்கி எடுத்துக்கொண்டு போனேன். வயசுக்கு வந்த பெண், அத்தனை பேர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போனால் அவளுக்கு எப்படி இருக்கும்?

உள்ளே சாய்தளம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஏறி, தண்ணீர் பார்க்கும் இடத்துக்கும் போய்விட்டோம். "அம்மா, சுவர்தான் தெரியுது" என்றாள். குனிந்து அவள் தோளோடு முகத்தை வைத்துப் பார்த்தேன். சிமென்ட் பூச்சு, அதற்கு மேலே வானம். பக்கத்தில் ஒரு சின்னப் பையனும் "தூக்குப்பா" என்று அழுதுகொண்டிருந்தான்.

அந்தச் சுவரில் ஆறடி நீளத்துக்கு மட்டும் சிமென்டுக்குப் பதில் கம்பித் தடுப்பு போட்டிருந்தால் இரண்டு பேருமே தண்ணீரைப் பார்த்திருப்பார்கள். அனைவருக்குமான வடிவமைப்பு என்பது இதுதான். சாய்தளத்துக்கும் கணக்கு இருக்கிறது: ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளமாவது வேண்டும். பல இடங்களில் படிமேல் பலகையைச் சாய்த்தமாதிரிக் கட்டிவிடுகிறார்கள். பிடித்துத் தள்ளுகிறவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மணலில் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்கள். வீல்சேரில் இருப்பவர்கள் அலைக்குப் பக்கத்தில் போக முடிந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது, அப்புறம் சரிசெய்தார்கள். மணலிலேயே முடிகிறதென்றால் சிமென்ட் தரையில் முடியாதா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொழுதுபோக்கு இடங்களையும் பொதுக் கட்டடம் என்றே சொல்கிறது. பழைய கட்டடங்களை மாற்ற, விதிகள் வந்த 2017இலிருந்து 5 ஆண்டு கெடு. அது எப்போதோ முடிந்துவிட்டது. இந்த விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கேரள - தமிழக எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, இனி எந்தப் பூங்காவில் வேலை நடந்தாலும், முடித்துப் பில் போடுமுன் வீல்சேரில் வருகிற ஒருவரை அழைத்து, வாசலிலிருந்து கழிப்பறை வரைக்கும் தனியாகப் போய்வரச் சொல்லுங்கள். என் மகளைக் கூப்பிட்டாலும் வருவாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்