ஏணியிலிருந்து இறங்கியவர்

அன்புள்ள காதர்,

நலம்தானே? அத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. வெள்ளி விற்கிற விலையில் இங்கே கொலுசுப் பட்டறை மந்தம்தான். சும்மா இருக்கிற நேரத்தில் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று ஆள் வைத்தேன்.

வந்தவர் இலங்கை அகதி முகாமில் இருப்பவர். இரண்டாம் நாள், வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு டீச்சரம்மா வந்தார். இவர் ஏணியிலிருந்து இறங்கி, அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தம்மா போனதும், "வீட்டு நம்பரும் அதில இருக்குதோ?" என்றார். பிரஷ்ஷிலிருந்து சொட்டி வாசற்படியெல்லாம் மஞ்சள். அதை அவர் கவனிக்கவே இல்லை.

1983 ஜூலையில் அவர் கொழும்பில் பள்ளிக்கூடப் பையன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் புலிகளால் கொல்லப்பட்ட மறுநாள் தமிழர்களுக்கு எதிரான கலவரம் தொடங்கியது. கும்பலின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எது தமிழர் வீடு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வெலிக்கடைச் சிறைக்குள் மட்டும் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். இவர் குடும்பத்தைப் பக்கத்து வீட்டுச் சிங்களக் கிழவி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாளாம். கும்பல் ஆத்திரத்தில் கிளம்பியது என்கிறார்களே, காதர், ஆத்திரத்துக்குப் பட்டியல் எதற்கு? அடுத்த வருஷமே டெல்லியில் சீக்கியர் வீடுகளைத் தேடியவர்கள் கையிலும் பட்டியல் இருந்தது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. நம் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை நினைவுக்கு வந்தது. ஊர்வலம், மேளம் என்று இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட பகையில் 1882இல் இங்கேயே ஒரு பள்ளிவாசலை இடித்தார்கள். அந்த வழக்கில் தண்டனை பெற்று, அப்புறம் ஹைகோர்ட்டில் விடுதலையான சேலம் விஜயராகவாச்சாரியாரை ஊரே அறியும். 1920இல் நாக்பூர் காங்கிரசுக்கே தலைமை வகித்தவர். அவர்மேல் சுமத்திய பழி நீங்கியது நியாயம்தான். ஆனால் அந்தப் பள்ளிவாசலில் தொழுதவர்கள்? இதே தெருவில் உன்னோடு கோலி விளையாடி வளர்ந்த எனக்கு அவர்களில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது.

அத்தாவுக்குக் கட்டுப் பிரித்ததும் மெதுவாகக் கேட்டுப்பார். அவருடைய பாட்டனார் வழியாக ஏதாவது பேச்சு வந்திருக்கும். ஒரு பெயர் கிடைத்தாலும் எழுதி வை. ரம்ஜானுக்கு வரும்போது கொண்டுவா. பெயின்டரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கிழவியின் பெயர் அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்புடன்,
செல்வம்