ஆமான் வேடக்காரனுக்கு

அன்புள்ள ஜெபா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். என் ஆராய்ச்சி வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று எருசலேமில் பூரீம். பாரசீகத்தில் ஆமான் என்ற மந்திரி யூதர்களை அழிக்கப் போட்ட திட்டத்திலிருந்து ராணி எஸ்தரும் அவள் உறவினர் மொர்தெகாயும் அவர்களைக் காப்பாற்றிய கதைக்கான பண்டிகை, உனக்குத் தெரிந்ததுதான். உன்னை நினைக்காமல் இருக்க முடியுமா? ஜெப ஆலயத்தில் எஸ்தர் புத்தகத்தைத் தோல்சுருளிலிருந்து ராகம் போட்டு வாசித்தார்கள். ஆமான் பெயர் வந்ததும் மொத்தக் கூட்டமும் கிலுக்கைச் சுழற்றி, தரையை உதைத்து, ஊளையிட்டது. ஒரு சொல்கூடக் காதில் விழாமல் போகக் கூடாது என்பது விதி. அதனால் சத்தம் அடங்கும்வரை வாசிப்பவர் காத்து நிற்கிறார். ஆமான் வேடத்தில் மீசை கழன்று விழுந்த அன்று நீ வாங்கிய கூச்சலெல்லாம் இதன் பக்கத்தில் வராது.

டெல் அவீவில் முந்தின நாளே கொண்டாடி முடித்துவிட்டார்கள். எஸ்தர் கதையில் மற்ற ஊர்களில் ஆதார் என்ற யூத மாதத்தின் 13-இல் சண்டை முடிந்து 14-இல் விருந்து. பாரசீகத் தலைநகர் சூசானில் மட்டும் சண்டை ஒரு நாள் நீண்டதால் விருந்து 15-இல். அதனால் மதில் சூழ்ந்த பழைய ஊர்களுக்கு 15 என்று வைத்தார்கள். அதுவும் எப்போது இருந்த மதில் தெரியுமா? பல நூற்றாண்டு முந்தி, மோசேக்குப் பின் இஸ்ரவேலரை நடத்திய யோசுவா காலத்தில்! பாரசீகக் கதைக்குள் யோசுவா எங்கே வந்தார் என்று கேட்பாய். எஸ்தர் காலத்தில் எருசலேமின் மதில் இடிந்து கிடந்தது. சூசானுக்குக் கிடைத்த பெருமை சொந்த தேசத்து ஊர்களுக்கு இல்லாமல் போகக் கூடாதென்று ரபீக்கள், அதாவது யூத மத குருக்கள், கணக்கை யோசுவா காலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கெட்டிக்காரர்கள்!

பக்கத்து வீட்டிலிருந்து தட்டு வந்தது. கசகசாப் பூரணம் வைத்த முக்கோணப் பலகாரம். 'ஆமான் காது' என்கிறார்கள். ஒருவருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்ப வேண்டும், ஏழைகள் இருவருக்காவது கொடுக்க வேண்டும். சொந்த விருந்தைவிட ஏழைகளுக்கு அதிகம் செலவழிப்பதே மேல் என்று இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதியிருக்கிறார்.

குடியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீ விடமாட்டாய். 'ஆமான் சபிக்கப்பட்டவன்', 'மொர்தெகாய் ஆசீர்வதிக்கப்பட்டவன்' இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் குடிக்க வேண்டும் என்கிறது தால்முத், பழைய ரபீக்களின் விவாதங்களைத் தொகுத்த நூல். அடுத்த வரியிலேயே ஒரு கதை: போதையில் ரபா எழுந்து ரபி சேராவை வெட்டிவிட்டார், மறுநாள் ஜெபம் செய்து உயிர்ப்பித்தார். அடுத்த வருடம் மறுபடி விருந்துக்குக் கூப்பிட்டபோது சேரா சொன்னாராம், "ஒவ்வொரு முறையும் அற்புதம் நடக்காது." நம் ஹாஸ்டலில் யார் ரபா, யார் சேரா என்று நான் எழுதப் போவதில்லை.

ஆனால் 9-ஆம் அதிகாரம் வந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. யூதர்கள் தங்கள் பகைஞரில் 75,000 பேரைக் கொன்றதாக வாசிக்கிறார்கள். என் முன்னால் கோமாளி வேடம் போட்ட குழந்தைகள். ஆமானின் பத்து மகன்களின் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார்கள். இதெல்லாம் நடந்ததா என்பதே வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம். அழியவிருந்த ஒரு ஜனம் தப்பித்த சந்தோஷம் எனக்குப் புரிகிறது. நூற்றாண்டுகளாக ஆமான்களைப் பார்த்தவர்கள். ஆனால் 1994-இல் இதே பூரீம் அன்று மேற்குக் கரையிலுள்ள எப்ரோனில், தொழுதுகொண்டிருந்த 29 முஸ்லிம்களை ஒருவன் சுட்டுக் கொன்றானே. அவனும் இதே சுருளைக் கேட்டு வளர்ந்தவன்தான். சில சபைகளில் இப்போது அந்தப் பகுதியைப் புலம்பல் ராகத்தில் வாசிக்கிறார்களாம்.

நீ வாராவாரம் பிரசங்க மேடை ஏறுகிறவன். எஸ்தரின் துணிச்சலைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டாயிற்று. 9-ஆம் அதிகாரத்தை எடுத்து நீ எப்போதாவது பேசியிருக்கிறாயா? என்ன சொன்னாய்? சபைக்குச் சொன்னதை அல்ல, உனக்கு உள்ளே தோன்றியதை எழுது.

மெர்சிக்கு முழங்கால் வலி தேவலையா? தாமஸ் சாரைப் பார்த்தால் என் விசாரிப்பைச் சொல்.

உன்
ரவி