உடையாத ஜன்னலையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

புயலுக்குப் பிறகு வீட்டைச் சீர்செய்வது பற்றிய கட்டுரையைப் படித்தேன். கூரைக்கு முக்கால் பக்கம், ஜன்னலுக்கு ஒரே வரி: 'உடைந்த கண்ணாடியை மாற்றிவிடவும்.' அப்படி மாற்றிவிட்டுத்தான் நான் முழித்தேன்.

எங்கள் கூடத்து ஜன்னலில் ஒரு கண்ணாடி போனது. விடிந்ததும் துடைப்பத்தை எடுத்துச் சில்லுகளை அள்ளிக் கொட்டிவிட்டேன். மதியத்துக்குள் புதுக்கண்ணாடியும் ஏறியது. இரண்டு நாள் கழித்து, சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார்; பளபளவென்றிருந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, "உடைந்தது எது?" என்றார். காட்டுவதற்கு என்னிடம் பில் ஒன்றுதான் இருந்தது.

முதலில் போட்டோ. உள்ளிருந்து ஒன்று, வெளியிலிருந்து ஒன்று, அப்புறம் ஸ்கேலை ஒட்டிவைத்துக் கிட்டத்தில் ஒன்று. சில்லில் நாலைந்தை எடுத்துவையுங்கள். பொரி மாதிரி பொலபொலவென்று உதிர்ந்திருந்தால் அது டஃபன்ட், அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி. கத்தி போல நீளநீளமாக இருந்தால் சாதாரணம். இரண்டுக்கும் விலை வேறு என்பதால் அந்தச் சில்லே சாட்சி. அதற்காகத் திறந்துபோட்டும் வைக்கக் கூடாது. மேற்கொண்டு சேதமாகாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு என்றுதான் பெரும்பாலான பாலிசிகள் சொல்கின்றன. பிளாஸ்டிக் ஷீட் கட்டி, அதன் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

பெரிய அடி அடுத்த மழையில் விழுந்தது. கீறல்கூட விழாத பக்கத்து ஜன்னலின் கீழே சுவர் ஊறிப்போயிருந்தது. மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்துப் பார்த்தேன். சட்டம் சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். 7 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. காற்று சட்டத்தையே கோணலாக்கியிருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்து ஜன்னல் கதவை மூடி, காகிதத்தை இழுத்தேன். மேல்பக்கம் இறுக்கிப் பிடித்தது, கீழ்மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது.

ஒழுகுவதெல்லாம் புயல் சேதமும் ஆகாது. சமையலறை ஜன்னலும் ஒழுகுகிறது என்று நான் பதறியதற்குக் காரணம், ஜன்னல் நகரும் தண்டவாளத்தில் தண்ணீர் வடிகிற துளையை அடைத்துக்கொண்டிருந்த இலைக்குப்பை! இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே பனி படிந்து, எந்தப் பக்கம் துடைத்தும் போகவில்லை என்றால் ஓரத்து ஒட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம். ஆனால் அது புயலில் விட்டதா, முன்பே விட்டதா? விறைத்துப்போன ரப்பரையும் அழுக்கேறிய விரிசலையும் பார்த்தால் பழசு என்று சர்வேயருக்குத் தெரிந்துவிடும். தேய்மானத்துக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. காற்றுமழைக் காலத்துக்கு முன்பே ஜன்னல்களை ஒரு போட்டோ எடுத்துவைத்தால் அந்த வாதத்துக்கே இடமிருக்காது.

ஒரே கண்ணாடிக்கு அவசரப்பட்டுக் கிளைம் போடுவதிலும் லாபமில்லை. நம் பங்கு என்று இன்சூரன்ஸ்காரர்கள் கழிக்கிற தொகையே சிலசமயம் அந்தச் செலவைத் தின்றுவிடும். எல்லா ஜன்னலையும் திறந்து, மூடி, அளந்து, மொத்தமாக எழுதிக் கொடுப்பதுதான் சரி.

நானோ, கூடத்துக் கண்ணாடிக்கு வந்ததை வாங்கிக்கொண்டு 'முழுத் தீர்வு', அதாவது இனி எதுவும் கேட்பதில்லை என்ற தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். கோணிய சட்டத்துக்கு என் கைக்காசுதான் போனது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்