'மற்றவர்கள்' பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வரப்போகும் சென்னை மாநகராட்சித் தேர்தலில் எந்தக் கட்சி எத்தனை வார்டு கேட்கும் என்று சென்ற இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். அட்டவணையின் கடைசி வரியில் 'மற்றவர்கள்' என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

2022 பிப்ரவரியில் கொடுங்கையூரில் எங்கள் வார்டில் ஒரு சின்னக் கட்சி சார்பில் ஒரு பெண் நின்றார். பக்கத்துத் தெருவில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர். மேளம் கிடையாது, ஆரத்தித் தட்டு கிடையாது, கூடவே தம்பி மட்டும் நோட்டீஸோடு வந்தான். அந்தச் சமயம் எங்கள் குழாயில் சாக்கடை நாற்றத்தோடு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஓட்டுக் கேட்டு வந்த எல்லாரிடமும் அதை ஒரு பாட்டிலில் பிடித்து நீட்டினேன். 'ஜெயிச்சதும் பார்த்துக்கலாம்மா' என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். இவர் மட்டும் மூடியைத் திறந்து முகர்ந்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், அப்புறம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, குடிதண்ணியும் பாதாள சாக்கடையும் மாநகராட்சிகிட்ட இல்லை. 1978-லயே அதுக்குத் தனி வாரியம் வந்துடுச்சு. மழைநீர்க் கால்வாய், தெருவிளக்கு, குப்பை, இதெல்லாம்தான் மாநகராட்சி. தண்ணிக்காக உங்களோட வந்து மனு குடுக்கறேன். சரி பண்ணிடுவேன்னு சொன்னா பொய்."

முப்பது வருஷமாக ஓட்டுப் போடுகிறேன். தன்னால் எது முடியாது என்று சொல்லி ஓட்டுக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

எதிர்வீட்டு ஆயா, "சின்னம் என்னம்மா?" என்று கேட்டார். "இன்னும் குடுக்கலை ஆயா" என்றார் அந்தப் பெண். பெரிய கட்சிக்காரர்களின் சின்னம் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவர்களுக்கு வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னமே கிடைக்கிறது. அந்த வருஷம் வாபஸுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 7, பிரச்சாரம் ஓய்ந்தது 17 மாலை. பத்தே நாள். அதற்குள் ஒரு வார்டு முழுக்க நடந்து சின்னத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். டெபாசிட் போய்விட்டது.

'ஓட்டை ஏன் வீணாக்குகிறாய்' என்று என் வீட்டுக்காரரே கேட்டார். 200 வார்டில் தி.மு.க. மட்டும் 153, கூட்டணியோடு சேர்த்து 178. எங்கள் ஒரு வார்டில் யார் ஜெயித்திருந்தாலும் மேயர் மாறியிருக்கப் போவதில்லை. கட்சியே இல்லாத சுயேச்சைகள் 5 பேர் ஜெயித்து உள்ளே போயிருக்கிறார்கள். சென்னையில் அன்று பதிவானதே 43 சதவீதத்துச் சொச்சம்தான். வீணானது வீட்டிலேயே இருந்துவிட்டவர்களின் ஓட்டு.

தோற்ற பிறகும் அந்தப் பெண் சொன்னபடி வந்தார். மூன்று முறை எங்களோடு அலுவலகத்துக்கு அலைந்தார், மனுவை அவரே எழுதினார், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எங்களை நகரவிடவில்லை. பாதித் தெருவுக்குக் குழாய் மாற்றினார்கள். மீதித் தெருவுக்கான மனு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

இந்த மாமன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்கு முன்னால் 2016 அக்டோபரிலிருந்து ஐந்து வருஷத்துக்கும் மேல் கவுன்சிலரே இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். அதனால் உரிமையோடு கேட்கிறேன். இந்த முறை வார்டுவாரியாக எல்லா வேட்பாளர்களின் பெயரையும் போடுங்கள், சின்னக் கட்சிக்காரர்களுக்கும் சுயேச்சைகளுக்கும் சேர்த்து. எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டு, ஆளுக்கு நாலு வரி ஒதுக்கினால் போதும்.

கேள்வியை நானே தருகிறேன்: உங்கள் வார்டில் மழைநீர்க் கால்வாயில் கழிவுநீரை விடும் இணைப்புகள் எந்தெந்தத் தெருவில் இருக்கின்றன, நேரில் போய்ப் பார்த்தீர்களா?

இப்படிக்கு,
கொடுங்கையூர் வாசகி,
சென்னை